போன தடவை கேட்டதுக்கு என்ன பதில்? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல "மக்களாட்சி பத்தி, அதுல நம்ம பங்கு பத்தி மனசுல இருக்குறத கேளுங்க"ன்னு ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம், இவ்வளவு கடிதம் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. எல்லாத்தையும் படிச்சேன், ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணா சேத்து பதில் எழுதியிருக்கேன். பேர் வேண்டாம்னு நிறைய பேரு கேட்டுக்கிட்டதால யாரு பேரையும் போடல.

கேள்வி: அக்கா, இந்த வருஷம்தான் முதல் ஓட்டு போட்டேன். விரல்ல மை வெச்சதை போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஆனா மறுநாளே ஒரு மாதிரி வெறுமையா ஆயிடுச்சு. இனி அடுத்த தேர்தல் வரைக்கும் எனக்கு இதுல வேலையே இல்லையா? – கல்லூரி மாணவி

பதில்: தங்கச்சி, அந்த வெறுமை உனக்கு வந்துச்சே, அதுவே எனக்கு சந்தோஷமா இருக்கு. நிறைய பேருக்கு அது வர்றதே இல்ல.

ஓட்டு யாரு உக்காரணும்னு மட்டும்தான் சொல்லுது. உக்காந்தவங்க எந்த ரோட்டை முதல்ல போடணும், எந்த பள்ளிக்கூடத்துக்கு கட்டடம், யாருக்கு கான்ட்ராக்ட், பட்ஜெட்ல எதை வெட்டணும்னு தினமும் முடிவு எடுத்துக்கிட்டே இருக்காங்க, அதுல ஒண்ணு கூட வாக்குச் சீட்டுல இருக்காது. அங்கதான் உனக்கு வேலை.

ஒரு விஷயம் சொல்றேன். நான் பல வருஷமா உள்ளாட்சி கூட்டங்களுக்கு போய்க்கிட்டு இருக்கேன். ஒரு கூட்டத்துல ஒரு பாட்டி எந்திரிச்சாங்க, கையில நாலா மடிச்ச பேப்பர். தெருக்குழாய்ல தண்ணி விடியக்காலம் மூணு மணிக்கு வருது, வயசானவங்க எப்படி பிடிக்கிறது, நேரத்தை மாத்துங்கன்னு கேட்டாங்க. தலைமைல இருந்தவரு மரியாதையாத்தான் பேசினாரு, "குறிச்சுக்கிட்டோம்மா, பாக்குறோம்"ன்னாரு. அடுத்த வருஷமும் அதே பாட்டி வந்தாங்க, அதே பேப்பர், மடிப்பெல்லாம் கிழிஞ்சு செலோ டேப் போட்டு ஒட்டியிருந்துச்சு. அதே பதில். மூணாவது வருஷம் அவங்க வரல. உடம்புக்கு முடியலையோன்னு வீட்டுக்கே போய் பாத்தேன், நல்லாத்தான் இருந்தாங்க. "வந்தா மட்டும் என்னம்மா சொல்லப் போறாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போய் அந்த பேப்பரை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துட்டாங்க.

அப்புறம் நான் தீர்மான நோட்டை கேட்டு வாங்கி பாத்தேன். ரெண்டு வருஷத்துக்கும் சேத்து அவங்க கேட்டதுக்கு இருந்தது ஒரே வரிதான், "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது". நேரம் பத்தி ஒண்ணுமில்ல, யாரு பாக்கணும்னு இல்ல, எப்ப சொல்லணும்னு இல்ல.

"இப்பல்லாம் மக்களுக்கு ஆர்வமே இல்ல"ன்னு யாராவது மேடையில பேசினா எனக்கு அந்த செலோ டேப் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். அந்த பாட்டிக்கு ஆர்வம் இருந்துச்சு, பதில்தான் வரல. கேட்டதுக்கு என்ன ஆச்சுன்னு திரும்பி வந்து சொல்றதுக்கு ஒரு ஆளு, ஒரு தேதி இல்லாத வரைக்கும் எத்தனை கூட்டம் போட்டாலும் மக்கள் பங்கேற்பு நிலைச்சு நிக்காதுங்கிறது என்னோட உறுதியான எண்ணம். கீழ வர்ற பதில்கள்லயும் நான் இதையேதான் திரும்பத் திரும்ப சொல்லியிருப்பேன், பொறுத்துக்கங்க.

உனக்கு நான் சொல்றது, எல்லாத்தையும் தலையில போட்டுக்காத. ஒரே ஒரு விஷயத்தை எடு, பஸ் ரூட்டோ, நூலகமோ, தெருவிளக்கோ. ஒரு வருஷம் அதை மட்டும் பின்தொடர்ந்து போ. யாரு முடிவு எடுக்குறாங்க, காசு எங்க இருந்து வருது, கோப்பு எந்த மேஜையில நிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே உன் பகுதியில முக்கால்வாசி பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: எங்க பகுதியில "கருத்துக் கேட்புக் கூட்டம்"னு அப்பப்ப நோட்டீஸ் ஒட்டுறாங்க. போனா எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டு நம்மளை சும்மா உக்கார வெச்ச மாதிரிதான் தெரியுது. நிஜமா கேக்குறாங்களா இல்ல கண்துடைப்பான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? – சிறுதொழில் செய்பவர்

பதில்: நோட்டீஸை பாத்தே பாதி சொல்லிடலாம்ங்க. வேலைக்குப் போறவங்க யாருமே வர முடியாத நேரமா, முந்தின நாள் ராத்திரி ஒட்டினதா, என்ன விஷயம் பேசப் போறோம்னு எழுதாம "மற்றும் பல"ன்னு முடிச்சிருக்காங்களான்னு பாருங்க. உள்ள போனதும் வெத்துப் பக்கத்துல கையெழுத்து போடச் சொன்னா போடாதீங்க. "இப்ப போட்டுட்டுப் போங்க, தீர்மானத்தை அப்புறமா எழுதிக்கிறோம்"னு சொல்றது பல இடத்துல பழக்கமாவே ஆயிடுச்சு, கேட்டா கோரத்துக்காக, அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேணுங்கிற குறைஞ்சபட்ச ஆள் கணக்குக்காகன்னு சொல்லுவாங்க. வந்திருக்கேன்னு காட்டுறதுக்கு வருகைப் பதிவேடு தனியா இருக்கணும், தீர்மானத்துக்குக் கீழ கையெழுத்து தீர்மானத்தை வாசிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தான்.

அதுக்கப்புறம் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இன்னைக்கு நாங்க சொல்றதால இந்தத் திட்டத்துல எது மாறலாம், எது மாறாது?" நேர்மையா கூட்டம் நடத்துறவங்களுக்கு இதுக்கு பதில் தெரியும். இடம் முடிவாயிடுச்சு, டிசைன் இன்னும் ஆகலன்னு சொன்னா அது போதும், டிசைனைப் பத்தி மட்டும் பேசிட்டு வரலாம். பதிலே வராம "உங்க கருத்தெல்லாம் மேலிடத்துக்கு அனுப்புவோம்"னு வந்தா புரிஞ்சுக்கலாம்.

1969-ல ஷெரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி இதையெல்லாம் எட்டுப் படி வெச்ச ஏணியா வரைஞ்சு காட்டினாங்க. அடியில ரெண்டு படி, மக்களை ஏமாத்துறதும் சமாதானப்படுத்துறதும், அதை அவங்க பங்கேற்புன்னே ஒத்துக்கல. நடுவுல தகவல் சொல்றது, கருத்து கேக்குறது, ரெண்டு பேரை கமிட்டியில போட்டு வாயடைக்கிறது, இதெல்லாம் பேருக்குத்தான்னாங்க. முடிவெடுக்குற அதிகாரத்துல நிஜமா பங்கு கிடைக்கிற மேல் மூணு படியைத்தான் பங்கேற்புன்னு சொன்னாங்க. அரை நூற்றாண்டு தாண்டியும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இது எந்தப் படின்னு நம்மால சொல்ல முடியுது.

மேல் படிக்கு ஏறின ஊரும் இருக்கு. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், 1989-ல இருந்து நகரத்து பட்ஜெட்ல புது வேலைகளுக்கான பணத்தை எங்க செலவு பண்றதுன்னு மக்களையே கூட்டி முடிவு பண்ண ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல ஆயிரம் பேரு கூட வரல, பத்து வருஷத்துல அது பல்லாயிரமா ஆச்சு. ஏன் கூடிச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அங்க வருஷத்துல முதல் சுற்றுக் கூட்டத்துல புதுசா எதையும் கேக்குறதுக்கு முன்னாடி போன வருஷம் நீங்க சொன்னதுல எது முடிஞ்சுது, எது பாதியில நிக்குது, ஏன்னு நகராட்சி எந்திரிச்சு கணக்கு சொல்லணும். அதுக்கப்புறம்தான் இந்த வருஷத்துப் பேச்சு. தெருவுல குழி தோண்டி பைப் போடுறதை கண்ணால பாத்தவன் அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிட்டுதான் வருவான். தண்ணி, கழிவுநீர் இணைப்பு இருந்த வீடுங்க 1988-ல நூத்துக்கு 75-ன்னா 1997-ல 98. அங்க இருந்து இந்த முறை உலகத்துல ஆயிரக்கணக்கான ஊருக்குப் பரவிச்சு. வருத்தமான விஷயம் என்னன்னா அதே போர்ட்டோ அலெக்ரேயில நிர்வாகம் மாறினப்போ அக்கறை கொறைஞ்சு, ஒதுக்குற பணமும் கொறைஞ்சு, சொன்ன வேலை தேங்கி, 2017-ல நிறுத்தியே வெச்சுட்டாங்க. பதில் வர்றது நின்னதும் ஜனம் வர்றதும் நின்னுபோச்சு.

கேள்வி: ஆன்லைன்ல எத்தனையோ கோரிக்கை மனுவுல கையெழுத்து போட்டுட்டேன் அக்கா. ஒண்ணுக்கும் ஒண்ணும் நடந்த மாதிரி தெரியல. இதெல்லாம் வீண்தானா? – மென்பொருள் துறை இளைஞர்

பதில்: தம்பி, எந்த இடத்துல போடுறோங்கிறதுல இருக்கு. தனியார் தளத்துல பத்து லட்சம் கையெழுத்து சேந்தாலும் அதுக்கு பதில் சொல்லியே ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் கிடையாது. அதுக்கு விளம்பர மதிப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா நீ எதிர்பாத்தது அது இல்லையே.

தைவான்ல அரசே நடத்துற ஜாயின்னு ஒரு தளம் இருக்கு, 5,000 பேரு ஆதரவு தெரிவிச்சுட்டா சம்பந்தப்பட்ட துறை ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் குடுத்தே ஆகணும். பிரிட்டன் நாடாளுமன்றத் தளத்துல 10,000 கையெழுத்துன்னா அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம்னா சபையில விவாதத்துக்கு எடுக்கலாமான்னு பரிசீலிப்பாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல பதில் வரணும்னா ஏழு நாட்டுக்காரங்களாவது சேந்து பத்து லட்சம் கையெழுத்து வாங்கணும். அதை முதல்ல தாண்டினது தண்ணிக்கான இயக்கம்தான், 2013-ல 16 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கினாங்க. உடனே ஒண்ணும் கிடைச்சுடல, முதல்ல வந்த பதில் அவங்களுக்கே ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, விடாம பின்னாடியே போனாங்க, 2020-ல குடிநீர் சட்டத்தையே திருத்தி எழுதினப்போ எல்லாருக்கும் குடிநீர் கிடைக்க வழி பண்ணணுங்கிறது உள்ள வந்துச்சு. ஏழு வருஷம் ஆச்சு, பாத்துக்க.

அதனால அடுத்த தடவை கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எத்தனை பேரு சேந்தா, யாரு, எத்தனை நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு பாரு. அது எழுதியிருக்கலன்னா, அந்த அஞ்சு நிமிஷத்தை உன் வார்டு உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி ரசீது வாங்குறதுக்கு செலவு பண்ணு.

கேள்வி: மகளே, முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் நான். சீட்டுக் குலுக்கி சாதாரண ஜனங்களை தேர்ந்தெடுத்து பெரிய பெரிய விஷயங்களை முடிவு பண்ண விடுறாங்களாமே சில நாட்டுல, படிச்சேன். இது சரியா வருமா? எல்லாரும் நிபுணரா என்ன? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, எனக்கும் முதல்ல இந்த சந்தேகம் இருந்துச்சு. அயர்லாந்து கதையைப் படிச்சதுக்கு அப்புறம் மாறினேன்.

2012-ல அங்க அரசியல் சட்ட மாநாடுன்னு ஒண்ணு அமைச்சாங்க, 100 பேரு. தலைவர் ஒருத்தர், 33 பேரு அரசியல்வாதிங்க, மிச்சம் 66 பேரு குலுக்கல் முறையில வந்த சாதாரண ஜனங்க, வயசு, ஆணு பெண்ணு, பகுதி எல்லாம் நாட்டுல இருக்குற மாதிரியே வர்ற மாதிரி பாத்து எடுத்தது. வார இறுதியில கூடி, ரெண்டு தரப்பு நிபுணர்களையும் வரவெச்சு கேட்டு, வட்ட மேஜையில ஏழெட்டுப் பேரா உக்காந்து பேசி, கடைசியில ரகசிய ஓட்டு. அவங்க பரிந்துரைச்சதுல ஒண்ணுதான் ஒரே பாலினத்தவர் திருமணம், 2015-ல பொது வாக்கெடுப்புக்குப் போய் 62 சதவீதம் ஆதரவு கிடைச்சுது. அதுக்கடுத்து 99 குடிமக்களும் தலைமைக்கு ஒரு நீதிபதியுமா 2016-ல இன்னொரு சபை, அரசியல்வாதிங்க யாருமே கிடையாது. பல பத்து வருஷமா கட்சிங்க தொடத் தயங்கின கருக்கலைப்புச் சட்டத்தை அவங்க எடுத்துப் பேசினாங்க, 2018-ல வாக்கெடுப்பு, தடையை நீக்க 66 சதவீதம் ஆதரவு. அந்த முடிவுங்க உங்களுக்கு உடன்பாடா இல்லையாங்கிறது தனி விஷயம் ஐயா. அவ்வளவு கொதிப்பான விஷயத்தை ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருந்து பேசினாங்க பாருங்க, அதைத்தான் நான் பெருசா நெனைக்கிறேன்.

நிபுணரா என்னன்னு கேட்டீங்க. நீங்க வகுப்புல பாத்திருப்பீங்க, பாடம் தெரியாத பையன் கூட நேரமும் நல்ல புத்தகமும் குடுத்தா நியாயமா யோசிப்பான், பத்து நிமிஷத்துல பதில் எழுதுன்னா யாரா இருந்தாலும் தடுமாறுவான். கருத்துக் கணிப்புல நம்மகிட்ட கேக்குறது அந்தப் பத்து நிமிஷக் கேள்வி. குலுக்கல் சபையில நேரமும் புத்தகமும் இருக்கு.

ஆனா குலுக்கல் மட்டும் போதாதுன்னும் சொல்லணும். அயர்லாந்துல அந்த முதல் மாநாட்டை அமைக்கும்போதே, ஒவ்வொரு அறிக்கைக்கும் நாலு மாசத்துக்குள்ள நாடாளுமன்றத்துல பதில் சொல்றோம்னு அரசு வாக்கு குடுத்திருந்துச்சு. பிரான்ஸ்ல 2019-ல பருவநிலை மாற்றத்துக்காக 150 பேரைக் கூட்டினாங்க, நீங்க சொல்றதை எந்த வடிகட்டலும் இல்லாம எடுத்துக்கிட்டுப் போவேன்னு அதிபரே சொன்னாரு. ஒன்பது மாசம் உழைச்சு 149 யோசனை குடுத்தாங்க, மூணைத் தவிர எல்லாத்தையும் ஏத்துக்கிறேன்னு சொன்னவங்க, சட்டமா வரும்போது நிறைய விஷயத்தை நீர்க்க விட்டுட்டாங்க. 2021-ல அந்த சபை கடைசியா கூடினப்போ, எங்க யோசனைகளை அரசு எடுத்துக்கிட்ட விதத்துக்கு எவ்வளவு மார்க்குன்னு அவங்களே போட்டாங்க, சராசரி பத்துக்கு நாலு கூட வரல. வாழ்க்கையில ஒன்பது மாசத்தைக் குடுத்தவங்களோட மார்க் அது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல 2004-ல 160 பேரு உக்காந்து புது தேர்தல் முறையை வடிவமைச்சாங்க, 2005 வாக்கெடுப்புல 57 சதவீதத்துக்கு மேல ஆதரவு, ஆனா 60 வேணும்னு முன்னாடியே கோடு போட்டிருந்தாங்க, அதனால நிறைவேறல. அதுலயாவது விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும், தோத்தாலும் ஏமாத்தப்பட்டோம்னு யாரும் சொல்ல முடியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெல்ஜியத்துல ஜெர்மன் பேசுற சின்னப் பகுதிதான். 2019-ல இருந்து அங்க குலுக்கல் சபை நிரந்தரம், எதைப் பேசணும்னு முடிவு பண்றதே குடிமக்கள்ல 24 பேரு. பரிந்துரையை ஏத்துக்கலன்னா அங்க நாடாளுமன்றம் ஏன்னு காரணம் சொல்லணும்.

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை முறையில தேர்தல் நடத்தினவங்க நாம. அப்புறம் எதுக்கு வெளிநாட்டுக்காரன்கிட்ட மக்களாட்சி கத்துக்கணும்? – வரலாறு மாணவர்

பதில்: பெருமைப்படு தம்பி, கல்வெட்டை முழுசா படிச்சுட்டு பெருமைப்படு. உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துல, பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வெட்டினது. முப்பது குடும்பு (இப்பத்த வார்டு மாதிரி), ஒவ்வொண்ணுலயும் தகுதியானவங்க பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. 35 வயசுக்கு மேல 70-க்கு உள்ள இருக்கணும், சொந்த நிலம் கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். அப்படின்னா அந்த ஊர்ல பெண்கள், உழுதவங்க, மத்த தொழில் பண்ணவங்க யாருக்கும் ஓலை கிடையாது. இதை மறைச்சுட்டு நாம மக்களாட்சின்னு சொன்னா அன்னைக்கு வெளிய நின்னவங்களுக்கு துரோகம் பண்றோம்.

ஆனா அதே கல்வெட்டுல இன்னொரு விதி இருக்கு, அதை யாரும் மேடையில சொல்றதில்ல. முன்னாடி வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரை ஓலையில எழுதவே கூடாது, அவன் மட்டுமில்ல, அவனோட நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் எழுதக் கூடாது. கணக்கு காட்டலன்னா குடும்பத்தோட தகுதி இழப்பு! பழைய ஏதென்ஸ்லயும் பதவி முடிஞ்சவங்க தணிக்கைக்கு நின்னே ஆகணும்னு இருந்துச்சு, அங்கயும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இல்ல. ரெண்டு இடத்துலயும் கதவு குறுகல், ஆனா கணக்கு கேக்குறதுல கறார். இப்ப கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு, நாம கணக்கு கேக்குறோமா?

கேள்வி: அக்கா, கூட்டத்துல பேசணும்னு போவேன், எந்திரிச்சா குரல் நடுங்குது. ஆம்பளைங்க நாலு பேரு மைக்கை மாத்தி மாத்தி வாங்கிக்கிறாங்க. திரும்பி வந்துடுறேன். – இல்லத்தரசி

பதில்: குரல் நடுங்கினா நடுங்கட்டும்மா, பேசுறது காதுல விழுந்தா போதும். பத்து வருஷம் கழிச்சும் எனக்கு முதல் வாக்கியம் நடுங்கத்தான் செய்யுது, ரெண்டாவது வாக்கியத்துல சரியாகும். அதனால முதல் வாக்கியத்தை சீட்டுல எழுதி வெச்சு அப்படியே வாசிச்சுடுங்க. தனியா போகாதீங்க, பக்கத்துல ஒருத்தர் இருந்து "இவங்க கேட்டதுக்கு பதில் வரல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அதோட பலமே வேற.

குத்தம் உங்க மேல இல்ல, கூட்டத்தை அமைச்ச விதத்துல இருக்கு. ஒரே மைக், நூறு பேருன்னா சத்தமா பேசுறவங்கதான் ஜெயிப்பாங்க. முதல் இருபது நிமிஷம் ஆறேழு பேரா பிரிஞ்சு பேசிட்டு, ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒருத்தர் சொன்னா பேசாதவங்க விஷயமும் மேல வரும், முதல் மைக்கை ஒரு பெண்கிட்ட குடுங்கன்னும் கேளுங்க. இதையெல்லாம் நடத்துறவங்ககிட்ட முன்னாடியே எழுதிக் குடுக்கலாம்.

நீங்க பேசுறதால என்ன மாறும்னு சந்தேகம் இருந்தா இதைக் கேளுங்க. இந்தியாவுல 1993-ல நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தோட 73-வது திருத்தத்துல ஊராட்சித் தலைவர் பதவியில மூணுல ஒண்ணு பெண்களுக்குன்னு வந்துச்சு. எந்த ஊராட்சி பெண்களுக்குங்கிறது சுழற்சியில வர்றதால ஒப்பிட்டுப் பாக்க வசதியாப் போச்சு. ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்துலயும் ராஜஸ்தான்லயும் ஆராய்ஞ்சு 2004-ல வெளியிட்டாங்க, பெண் தலைவரா இருந்த ஊர்ல குடிநீருக்கு அதிகமா செலவாயிருந்துச்சு, ரெண்டு மாநிலத்துலயும் பெண்கள் அதிகமா புகார் சொன்னது அந்தத் தண்ணியைப் பத்திதான். மேற்கு வங்கத்துல பெண் தலைவர் இருந்த ஊர்ல மத்த பெண்களும் அதிகமா கூட்டத்துல கலந்துக்கிட்டிருக்காங்க.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு "எங்க தெரு ரோடு ஏன் ஆறே மாசத்துல பேந்து போச்சு?"ன்னு கேட்டேன். "கோரப்பட்டது தகவல் அல்ல"ன்னு ஒரு வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. வெறுத்துப் போச்சு. – ஆட்டோ ஓட்டுநர்

பதில்: வெறுக்காதீங்க தம்பி, கேள்வியை மாத்திக் கேக்கணும், அவ்வளவுதான். இந்தச் சட்டத்துல ஏற்கனவே கோப்புல இருக்குறதைத்தான் குடுப்பாங்க, "ஏன்"னு கேட்டா அதுக்கு புதுசா விளக்கம் எழுதணும், அது அவங்க வேலை இல்லன்னு தப்பிச்சுக்கலாம். அதனால பேப்பரோட பேரைச் சொல்லிக் கேளுங்க. இன்ன தெரு, இன்ன வருஷம் போட்ட ரோட்டோட எஸ்டிமேட் காப்பி, பணி ஆணை, எம் புக் (அளவுப் புத்தகம்) பக்கங்கள், பில் குடுத்த தேதி, தரப் பரிசோதனை அறிக்கை. எம் புக்ல எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம்னு அளவு எழுதி இன்ஜினியர் கையெழுத்து போட்டிருப்பாரு, அந்தப் பக்கத்தை கையில வெச்சுக்கிட்டு டேப் எடுத்துட்டு உங்க தெருவுல போய் நில்லுங்க, "ஏன்"ங்கிறதுக்கு பதில் அங்கயே கிடைச்சுடும். இந்தியச் சட்டத்துல வேலையை நேர்ல பாக்கவும், போட்ட பொருள்ல மாதிரி எடுத்துக் கேக்கவும் கூட உரிமை இருக்கு, இது பல பேருக்குத் தெரியாது.

30 நாளுக்குள்ள பதில் வரணும், உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். வரலன்னா, இல்ல வந்தது சரியில்லன்னா, அடுத்த 30 நாளுக்குள்ள அதே அலுவலகத்துல மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கும் மேல தகவல் ஆணையம். இலங்கையில இருந்து எழுதின வாசகர்களுக்கும் சேத்து சொல்றேன், அங்க 2016 சட்டப்படி 14 வேலை நாளுக்குள்ள முடிவைச் சொல்லணும்.

இந்தச் சட்டம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா வெறுக்க மனசு வராது. உலகத்துல முதல்ல 1766-லயே சுவீடன்ல வந்துச்சு, இந்தியாவுல முதல் மாநிலமா 1997-ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்துச்சு, ஆனா நாடு முழுக்க 2005-ல வர்றதுக்கு அடித்தளம் போட்டதுல பெரிய பங்கு ராஜஸ்தான்ல கூலி வேலை பாத்த ஜனங்களுக்கு. சமூக ஆர்வலர் அருணா ராய் எல்லாம் சேந்து நடத்துன மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்ங்கிற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994-ல மக்கள் விசாரணைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நிவாரண வேலையோட வருகைப் பட்டியலை ஊர் நடுவுல சத்தமா வாசிப்பாங்க, இன்னாரு இத்தனை நாள் வேலை பாத்து இத்தனை கூலி வாங்கினாருன்னு. கூட்டத்துல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு அவரு செத்துப் பல வருஷம் ஆச்சேம்பாரு, இன்னொருத்தர் நான் அந்த வேலைக்கே போகலையேம்பாரு. அந்தப் பட்டியலை எங்க கையில குடுங்கன்னு கேட்டுக் கேட்டுதான் சட்டமே வந்துச்சு. அவங்கள்ல பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க மனுவே எழுதிட்டீங்க, இன்னொன்னு எழுதுங்க.

கேள்வி: நான் அந்தப் பக்கம் மேஜையில உக்காந்திருக்குறவன். கூட்டம்னாலே வந்து கத்துறாங்க. எங்களுக்கு ஆள் பத்தாது, பணம் வந்து சேராது, அது யாருக்கும் புரியறதில்ல. இதையும் எழுதுங்க. – அரசு ஊழியர்

பதில்: எழுதுறேன் சார், நீங்க கேட்டது நியாயம். பத்து ஊருக்கு ஒரு ஆளா ஓடுறவங்களை நானே பாத்திருக்கேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கிறேன், "பாக்குறோம்"ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடுங்க. "இந்த வருஷம் முடியாது, இந்தத் தலைப்புல பணம் வரல, அடுத்த ஒதுக்கீடு வரும்போது மூணாவதா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. கோபப்படுவாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அடுத்த தடவை கத்த மாட்டாங்க, அந்த மூணாவது எப்ப வரும்னு கேப்பாங்க, பணம் ஏன் வரலன்னு மேல இருக்குறவங்களைக் கேக்க உங்க கூடவே கூட வருவாங்க. முடியாதுன்னு காரணத்தோட சொல்றதும் பதில்தான் சார். நான் சொன்ன அந்தப் பாட்டிக்கு அது கிடைச்சிருந்தா மூணாவது வருஷமும் வந்திருப்பாங்க.

கேள்வி: அடுத்த வாரம் முதல் தடவையா எங்க பகுதிக் கூட்டத்துக்குப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும்? – புதுசா குடிவந்தவர்

பதில்: போன கூட்டத்தோட மினிட்ஸ் (என்ன பேசினாங்க, என்ன முடிவுன்னு எழுதி வெச்ச குறிப்பு) காப்பி. அலுவலகத்துல போய் கேளுங்க, தராட்டி மனு எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. ஒரு நோட்டு, ரெண்டு பேனா. யாரு என்ன கேட்டாங்க, யாரு என்ன சொன்னாங்க, எந்தத் தேதிக்குள்ளன்னாங்க, இது மூணையும் எழுதிக்குங்க, தேதி சொல்லலன்னா எந்திரிச்சு தேதி கேளுங்க. இன்னொரு பேனா பக்கத்துல உக்காந்திருக்குறவங்களுக்கு, கண்டிப்பா யாராவது கேப்பாங்க.